எல்லாரும் வந்தாச்சு

நாய்க்குச் சோறு வைக்கத் தெரியாதவளைப் பார்ப்பது போல மருத்துவர் என்னைப் பார்த்தார். என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள், எந்தத் தட்டில் கொடுத்தீர்கள் என்று விடாமல் கேட்டார். அவித்த ஈரல், முட்டை, பால், கடையில் விற்கிற அந்த உருண்டைகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று என்றேன். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பிள்ளையைப் பெற்று, நிலைப்படியில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்த்தவளிடம் வந்து ஊட்டத் தெரியுமா என்று கேட்டால் கோபம் வராதா? அந்தப் பிள்ளையின் நினைப்பு வந்ததும் கோபம் அணைந்துவிட்டது. இப்போதெல்லாம் என் கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

மேஜைமேல் எங்கள் நாய் மேஸ்திரி படுத்துக் கிடந்தான். மருத்துவர் அவன் கழுத்துத் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டார். நன்றாக இருக்கிற நாய்க்கு அது உடனே படிந்துவிடுமாம். இவனுக்குத் தூக்கினது தூக்கினபடி நின்றது. சோறு நின்று இரண்டாவது வாரம். நேற்றிலிருந்து தண்ணீரும் இல்லை. ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். அது பாதி ஏறும்போதே அவன் எழுந்து கதவைப் பார்த்து நின்றான். நானும் மருமகளும் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உடம்புல ஒரு நோயும் இல்லம்மா," என்றார் மருத்துவர். "சாப்பிட மாட்டேங்கிறான், அவ்வளவுதான். இன்னும் ரெண்டு நாள் தாங்கினா பெரிசு."

குழாய் விட்டு ஊட்ட முடியாதா என்று மருமகள் கேட்டாள். ஊட்டலாம், ஆனால் இந்த இனத்து நாய் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் வாசலுக்குத்தான் போகும் என்றார். இவன் எதற்காகவோ காத்திருக்கிறான், அது என்னவென்று உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நிற்பதற்குத்தான் அவ்வளவு தெம்பு வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்படித்தான் இன்னும் வாயில் வருகிறது. துறைமுகத்தை ஒட்டிய பட்டறையில் படகுகளுக்கு வெல்டிங் வைக்கிறவர் என் வீட்டுக்காரர். லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் கவர் தைக்கிறவள் நான். மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மகன் துறைமுகத்தின் இழுவைப் படகில், அதாவது பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வருகிற படகில், என்ஜின் பார்க்கிறவன்.

ஆடு ஏற்றி வந்த கப்பல் ஒன்று விட்டுவிட்டுப் போன குட்டி இது. மறந்து விட்டார்களா, வேண்டாமென்று விட்டார்களா, தெரியாது. மகன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து சமையலறையில் இறக்கிவிட்டான். வந்த முதல் வாரத்திலேயே இது வீட்டு நாய் இல்லை, வேலைக்கார நாய் என்பது தெரிந்துவிட்டது. நாங்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்தால் அதற்குப் பொறுக்காது. பின்பக்கமாகச் சுற்றி வந்து குதிகாலில் மூக்கால் இடிக்கும். நகராவிட்டால் பல் படாமல் ஒரு கவ்வு. எல்லாரையும் கூடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டுத்தான் படுக்கும். "கட்டட வேலையில மேஸ்திரி விரட்டற மாதிரி விரட்டறான்," என்று மகன் சிரித்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்த இனத்தைப் பார்டர் கோலி என்பார்கள் என்று இதே மருத்துவர்தான் முதல் தடுப்பூசியின்போது சொன்னார். கோலி என்றால் பையன்கள் விளையாடுவதுதானே என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தவர்கள் என் பக்கம்தான் பேசுவார்கள். ஒன்று பழுப்பு, இன்னொன்று நீலம். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே உயரம். உடம்பு கறுப்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளை, பாதம் நாலும் வெள்ளை, வால் நுனியிலும் கொஞ்சம் வெள்ளை. ஒரு காது விறைத்து நிற்கும், மற்றது பாதியில் மடிந்து விழும். முடி இரண்டு அடுக்கு. மேலே இருப்பது நீளமாக, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி இருக்கும். அடியில் இருப்பது வெறும் பஞ்சு. பஞ்சு உதிர்கிற பருவத்தில் எங்கள் வீட்டில் சோற்றிலும் நாய் முடி, சாமான் மீதும் நாய் முடி. அகலமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, ஓடுவதற்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த உடம்பு. ஆனால் வேலை செய்யும்போது ஓட மாட்டான். தலையைத் தோளுக்குக் கீழே இறக்கி, பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கி வருவான். வால் மேலே இருந்தால் விளையாட்டு, கீழே இருந்தால் வேலை.

குரைப்பது அபூர்வம். பார்ப்பான், அவ்வளவுதான். என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு விடுமுறை நாளில் அவனை என் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பசை நாற்றத்துக்கும் மெஷின் சத்தத்துக்கும் பயப்படுவான் என்று நினைத்தேன். அவனோ ரெக்ஸின் சுருள்களுக்கு நடுவே படுத்துத் தைக்கிறவர்களை ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தான். டீ வந்ததும் எல்லாரும் கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், துணி வெட்டுகிற மேஜையைச் சுற்றி அத்தனை பேரும் கையில் கிளாஸோடு நெருக்கியடித்து நிற்கிறார்கள். வாசலில் இவன். கழிப்பறைக்குப் போக ஒருவர் நழுவப் பார்த்தார். சுற்றி வந்து முன்னால் படுத்து, நீலக் கண்ணால் ஒரு பார்வை பார்த்தான். அவர் திரும்பிவிட்டார். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, இனிமேல் கூட்டி வராதே என்றார்.

இப்படிப்பட்டவனுக்கு வேலை எப்போது முடிந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். ஆட்டு மந்தை என்றால் பட்டியில் அடைத்ததும் மேய்ப்பவன் போதும் என்பான். எங்கள் வீட்டில் யார் சொல்வது? குட்டியாக இருந்தபோது, நாங்கள் எல்லாரும் வீடு திரும்பிய பிறகும் வாசலுக்கும் சமையலறைக்கும் அலைந்துகொண்டே இருப்பான். தட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டான். மகன்தான் வழி கண்டுபிடித்தான். சாயங்காலம் கடைசி ஆள் உள்ளே வந்ததும் நான் கதவைத் தாழ் போடுவேன். போட்டுவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு," என்று அவனைப் பார்த்துச் சொல்வேன். உடனே தட்டு வைக்க வேண்டும். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். அந்த வார்த்தையைக் கேட்டதும் உடம்பு முழுதும் தளரும். போய்ச் சாப்பிடுவான். சாப்பிட்டு வந்து நாலு பேர் முழங்காலிலும் ஒரு முறை மூக்கை வைத்துவிட்டு நடுக்கூடத்தில் விழுந்து தூங்குவான்.

அதோடு இன்னொரு சடங்கும் உண்டு. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து, முதல் வாய் வைப்பதற்கு முன்னால், "தாழ்ப்பாள் போட்டாச்சா?" என்று கேட்பார். அவர் கண்ணெதிரே போட்டிருப்பேன். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். இருந்தாலும் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. உங்கள் கண் என்ன பின்மண்டையிலா இருக்கிறது என்று நான் கத்துவேன். மகனும் மருமகளும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு தடவை, கரை தட்டிய கப்பலை இழுக்கப் போய் மகன் இரண்டு நாள் வரவில்லை. மேஸ்திரி இரண்டு நாளும் வெறும் தண்ணீரோடு வாசலில் கிடந்தான். பாவமாக இருந்தது, சும்மா அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன், சொல்லவில்லை என்று திரும்பி வந்த மகனிடம் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"சொல்லிராதம்மா," என்றான். "ஒரு தடவ பொய்யா சொன்னா அப்புறம் நம்ப மாட்டான். அவனுக்கு உன் வாய் மட்டும்தான் கணக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் என் வார்த்தைக்கு நாயாவது மரியாதை கொடுக்கிறதே என்றேன். அன்றிலிருந்து அந்த வார்த்தை எங்கள் வீட்டில் ஒரு நாளும் பொய்யாகச் சொல்லப்பட்டதில்லை.

காற்று பலமாக இருந்த ஒரு மத்தியானம், பெரிய கப்பல் ஒன்றை இழுத்து வரும்போது கயிறு பக்கவாட்டில் இழுத்து மகனின் படகைக் கவிழ்த்துவிட்டது. படகில் இருந்த நாலு பேரில் இருவரை உயிரோடு தூக்கினார்கள். ஒருவர் உடல் மறுநாள் கிடைத்தது. என் மகன் கிடைக்கவில்லை. கவிழ்ந்த படகுக்குள் ஆள் இறங்கித் தேடினார்கள், என்ஜின் அறைக் கதவு திறந்து கிடந்ததாம், உள்ளே யாரும் இல்லையாம். அப்புறம் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். உட்காருங்கள் என்றதற்கு உட்காராமல், தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கதவு திறந்திருந்தது என்றால் அவன் வெளியே வந்துவிட்டான், வந்தவன் எங்கேயோ கரை ஏறியிருப்பான் என்பதுதான் அவர் கணக்கு. பட்டறை முடிந்ததும் நேராக அலைதடுப்புக் கற்களுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். இருட்டின பிறகு வருவார். வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. தெருமுனைக் கடையில் நின்றுகொண்டே ஒரு பன்னும் டீயும், அதோடு சரி. நான் கதவைத் தாழ் போடப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

"போடாத. அவன் வந்தா தட்டக்கூடாது," என்றார். "அந்த வார்த்தையையும் இந்த வீட்டுல யாரும் சொல்லக்கூடாது."

அதனால் எங்கள் வீடு திறந்தே கிடந்தது. காற்றில் கதவு ஆடும். மருமகள் அழ வாயெடுத்தால், எதற்கு அழுகிறாய், வரத்தானே போகிறான் என்று அவளை அதட்டுவார். பாவம் அவள், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். நான் பட்டறையில் தைத்ததெல்லாம் கோணிப் போனது. பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தேன். ரெக்ஸினில் ஒரு தடவை ஊசி குத்திய ஓட்டை மூடாது. முதலாளி அந்தத் துண்டுகளை எடுத்து ஓரமாக வைத்தார்.

மேஸ்திரி முதலில் தெருவைச் சுற்றினான். எங்கள் மூவரையும் கூடத்தில் சேர்ப்பான், வாசலுக்குப் போவான், தெருமுனை வரை ஓடுவான், திரும்பி வந்து எங்களை எண்ணிப் பார்ப்பான், மறுபடி ஓடுவான். உள்ளங்கால் வெடித்து வெள்ளைப் பாதம் சிவப்பாகிவிட்டது. மருமகளின் கையிலிருந்து கொஞ்சம் பால் மட்டும் நக்கினான். பிறகு அதையும் நிறுத்தினான். ஓட முடியாமல் போனதும் நிலைப்படியில் படுத்துக்கொண்டான். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்பான். இல்லையென்று தெரிந்ததும் படுப்பான். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. எழுந்து நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மருமகள் ஒரு நாள் அவளே தாழ் போட்டுவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு என் வீட்டுக்காரர் உட்கார்கிற காலி இடத்தைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தாழை எடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து நான் செய்த கூத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. மாடி வீட்டுக்காரருக்கு என் மகனின் உயரம், அதே உடல்வாகு. மகன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற டீசல் நாற்றம் பிடித்த மாற்று உடுப்பு ஒன்று துவைக்காமல் கிடந்தது. இதைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வாசல் வழியாக உள்ளே வர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். மனிதர் மறுக்கத் தெரியாதவர். போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் அந்த நாற்றம் பட்டதும் மேஸ்திரி எழுந்தான். வால் மேலே போனது. இரண்டு வாரத்தில் அது மேலே போனது அப்போதுதான். எனக்கும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சு நின்றுவிட்டது. கிட்டே போய் முகத்தைப் பார்த்தான். வால் இறங்கியது. அவர் பின்பக்கம் சுற்றிப் போய், குதிகாலில் மரியாதையாக மூக்கை வைத்து, ஒவ்வொரு படியாக மாடிக்கே கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். அவரவர் இடம் அவனுக்குத் தெரியும். மாடி வீட்டுக்காரர் அந்த உடுப்பை மடித்துக் கொண்டு வந்து கொடுக்கும்போது அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இதையெல்லாம்தான் மருமகள் மருத்துவரிடம் கொட்டிவிட்டாள். மேஜைமேல் மருந்து இறங்கிக்கொண்டிருக்க, தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். இந்த இனம் அப்படித்தான், முடிந்தது என்று சொல்லாத வேலையை விடாது, விடச் சொல்கிறவர் சொல்ல வேண்டும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். எளிதாகச் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைச் சொன்னால், என் பிள்ளையை வெளியே நிறுத்தி நானே தாழ் போட்ட மாதிரி என்று அவருக்கு எப்படிப் புரியும்? நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எப்போதும் ஒரு மூட்டை கனம் கனப்பவன், தோளில் துண்டு போட்ட மாதிரி இருந்தான்.

வாடகை வண்டியில் மருமகள் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். எங்கள் தெரு திரும்பும்போது கேட்டாள்.

"அத்தை, அவர் வருவார்னு நீங்க நம்பறீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நானும் நம்பல," என்றாள். "நாம ரெண்டு பேருமே நம்பாதப்ப, இவன் மட்டும் ஏன் சாகணும்?"

மகன் போய்விட்டான் என்பது அந்த அதிகாரி உட்காராமல் நின்றபோதே எனக்குத் தெரியும். வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லாத வரைக்கும் எதுவோ மிச்சம் இருக்கிறது என்று ஒரு நப்பாசை.

மாடி வீட்டுக்காரரை அலைதடுப்புக்கு அனுப்பினேன், நாய் பிழைக்காது, என் வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்கள் என்று. ஏனென்றால் நான் சொல்வதாக இருந்தாலும் அவர் உள்ளே இருக்க வேண்டும். வெளியே ஒரு ஆள் இருக்கும்போது சொன்னால் அது பொய். ஈரல் அவித்த தண்ணீரைத் தட்டில் ஊற்றிச் சமையலறை வாசலில் வைத்தேன். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது.

சூரியன் இறங்குகிற நேரத்துக்கு அவர் வந்தார். வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்த அதே சட்டை. உள்ளே வரவில்லை, தெருவிலேயே நின்றார். நிலைப்படியில் கிடந்தவனைக் குனிந்து தடவினார். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பால் கொடு, பிள்ளை வருகிற வரைக்கும் தாங்குவான் என்றார். உள்ளே வாருங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

"நீ என்ன செய்யப் போறேன்னு எனக்குத் தெரியும்," என்றார். "நான் வரமாட்டேன்."

திரும்பி நடக்க ஆரம்பித்தார். கூப்பிட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அப்போது மேஸ்திரி எழுந்தான்.

அந்த உடம்பில் என்ன இருந்தது எழுந்திருக்க? இடுப்பெலும்பு இரண்டும் தோலுக்குள் தனித்தனியாகத் தெரிந்தன. நேராகப் போகவில்லை. நேராகப் போனால் ஆடு மிரண்டு ஓடும் என்று அவன் ரத்தத்துக்குத் தெரியும். தெருவின் எதிர்ச் சுவரை ஒட்டி, அகலமாக வளைந்து, அவருக்கு முன்னால் போய்ப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவர் நின்றார். விலகி நடக்கப் பார்த்தார். அவன் சுற்றி வந்து குதிகாலில் கவ்வினான். பின்னங்கால் மடங்கி விழுந்தான். மறுபடி எழுந்து மூக்கால் தள்ளினான். "விடுடா," என்றார் அவர். இன்னொரு முறை விழுந்தான். இன்னொரு முறை எழுந்தான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் அவர் ஒரு அடி வீட்டுப் பக்கமாக வைத்தார். இவன் பின்னாலேயே வந்தான். அவர் நின்றால் இவனும் நின்று அந்தப் பழுப்புக் கண்ணும் நீலக் கண்ணுமாகப் பார்ப்பான். அப்படியே அவரைக் கொண்டு வந்து நிலைப்படி தாண்டவைத்து, கூடத்தில் மருமகள் பக்கத்தில் சேர்த்துவிட்டு, வாசலைப் பார்த்து நின்றான். நாலு காலும் ஆடிக்கொண்டிருந்தன.

நான் கதவைச் சாத்தினேன். இரண்டு வாரமாக நான் தொடாத தாழ்ப்பாள், கடல் காற்றில் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன்.

"வேணாம்," என்றார் என் வீட்டுக்காரர். அதட்டலாக இல்லை. கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

தாழ் விழுந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தான். நான் அவன் முன்னால் உட்கார்ந்தேன். பொய் சொல்லக்கூடாது என்று என் பிள்ளை சொல்லியிருக்கிறான். இவர் இருக்கிறார். இவள் இருக்கிறாள். நான் இருக்கிறேன். இனி வர வேண்டியவர் யாரும் இல்லை.

"எல்லாரும் வந்தாச்சுடா," என்றேன்.

அவன் அசையவில்லை. என்னையே பார்த்தான். கதவைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். பொய்யாக இருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். நம்பாமல் போய் அந்த நிலைப்படியிலேயே படுத்திருப்பான். படுத்துவிட மாட்டானா என்று அந்தக் கணத்தில் என் மனசு ஏங்கியது, கடவுள் என்னை மன்னிக்கட்டும். அவன் உடம்பு தளர்ந்தது. விறைத்திருந்த காதும் மடிந்தது. தள்ளாடிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய்த் தட்டில் வாய் வைத்தான்.

அவன் நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மருமகள் அழுதாள், வாயைப் பொத்தாமல், தண்ணீரைத் திறந்துவிடாமல், தெருவுக்கே கேட்கிறபடி அழுதாள். அவர் அவளை அதட்டவில்லை. அவள் தலையில் கை வைத்தார். நான் தரையில் கொட்டிக் கிடந்த ஈரல் தண்ணீரை முந்தானையால் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி தட்டைக் காலி செய்துவிட்டு வந்தான். மருமகளின் முழங்காலில் மூக்கை வைத்தான். அவர் முழங்காலில் வைத்தான். என் முழங்காலில் வைத்தான். வேறு எங்கும் போகவில்லை. நடுக்கூடத்தில் விழுந்து, ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டான். வெளியே யாரோ செருப்புச் சத்தத்தோடு நடந்து போனார்கள். அவன் காது ஆடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் எழுந்தார். தாழை எடுக்கப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். எனக்கும் போடு என்றார். இருந்ததைப் போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார். முதல் வாயைக் கையில் எடுத்தார், வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"தாழ்ப்பாள் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு," என்றேன்.